ஐந்தாம் பாகம் ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறது?

'பொன்னியின் செல்வன்' வாசித்த இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் கதை மூன்று கேள்விகளில் வந்து நிற்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினி உண்மையில் யாருடைய மகள்? ஐந்தாம் பாகத்தைக் கல்கி ஏன் அப்படி இழுத்தார்? முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். மூன்றாவதில் பெரும்பாலானோர் ஒரே கட்சி. முதல் இரண்டு பாகங்களையும் இரவிரவாக இருந்து முடித்ததாகவும், ஐந்தாம் பாகத்தில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் போனதாகவும் சொல்வார்கள்.

இந்த வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1950 ஒக்ரோபர் 29 இல் 'கல்கி' வார இதழில் ஆரம்பித்து 1954 மே 16 இல் முடிந்த தொடர்கதை இது. முடிந்ததும் வாசகர்களின் கேள்விகளும் மனக்குறைகளும் வந்து சேர்ந்ததால், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டெம்பர் 30 இலும் 2023 ஏப்ரல் 28 இலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வெளிவந்தபோது அதே வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிய இளையவர்களும் ஐந்தாம் பாகத்தில் வந்து களைத்தார்கள்.

அந்த மெதுவுக்கு என்ன காரணம் என்பதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். காரணம் இரண்டு உண்டு. ஒன்று, வாரத் தொடர் எழுதும் முறை. மற்றது, அந்தப் பாகம் எதைப்பற்றிப் பேசுகிறது என்பது. இரண்டாவது காரணம் போரைக் கண்ட எங்களுக்கு மற்ற வாசகர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விளங்கக்கூடியது.

புத்தகங்களைத் தொலைத்த வாசகர்கள்

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் ஒரு தலைமுறை இந்தக் கதையை வாரா வாரம் வாசித்தது. இதழில் வந்த பக்கங்களைக் கவனமாகக் கழற்றி எடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்துக் கட்டி வைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, கட்டி வைத்த அந்தத் தொகுப்புகள் இன்னும் பெறுமதியானவை ஆயின. ஒரு தொகுப்பு பல வீடுகளுக்குப் போய் வரும். திரும்பி வரும்போது அட்டை கழன்றிருக்கும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1983 இல் கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொம்பனித்தெருவில் தமிழருக்குச் சொந்தமான ரியோ திரையரங்கும் அந்த ஜூலையில் தீயிடப்பட்டது. கரி படிந்த அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் அந்தத் தெருவின் நடுவே அப்படியே நின்றது. 1995 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறியபோதும், தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருட்களில் ஐந்து தடித்த புத்தகங்கள் இருக்கவில்லை.

இப்படி வந்து சேர்ந்தவர்களில் கணிசமானோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு எனக் கொழும்பின் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கினார்கள். அங்கே புத்தகம் சேர்ப்பது இலகுவான காரியமல்ல. வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், செட்டியார் தெருவிலும் காலி வீதியிலும் இருந்த புத்தகக் கடைகள், கை மாறி வந்த பிரதிகள் என்று கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு மலிவுப் பதிப்புகள் வந்தன. மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு வந்த பிறகு கைபேசியிலும் வாசிக்க முடிந்தது. முதல் பாகத்தை ஊரில் வாசித்து, ஐந்தாம் பாகத்தை வேறொரு ஊரில், வேறொரு வயதில் முடித்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொடர் ஒரே மூச்சில் வாசித்த கதை அல்ல.

வாரக் கணக்கு

முதலில் எண்களைப் பார்ப்போம். நாவலில் மொத்தம் 293 அத்தியாயங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. அதாவது கடைசிப் பாகம் மட்டும் முழுக்கதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கதை நடக்கும் காலமோ ஒரு வருடம்கூட ஆகாது. ஆடிப் பதினெட்டில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனின் குதிரையோடு தொடங்குகிறது. அந்த ஒரு வருடத்துக்குள் நடப்பதைச் சொல்ல மூன்றரை ஆண்டுகள் எடுத்தன.

ஏறத்தாழ 185 வாரங்களில் 293 அத்தியாயங்கள் என்றால், சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயத்துக்கும் மேல். ஒரு பத்திரிகையை நடத்திக்கொண்டே இதையும் எழுதினார் கல்கி. வாரத் தொடருக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. ஒவ்வொரு வாரமும் வாசகரை ஓர் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் பாகங்களில் அது இலகு. புதிய ஊர், புதிய மனிதர், புதிய இரகசியம் என்று கதவுகளைத் திறந்துகொண்டே போகலாம். கடைசிப் பாகத்தில் திறந்த கதவுகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சாத்த வேண்டும். கதவைத் திறப்பதற்கு ஒரு வசனம் போதும். சாத்துவதற்கு அந்த அறைக்குள் இருந்த ஆட்கள் எல்லோரையும் கணக்கெடுக்க வேண்டும். எந்த நீண்ட தொடரும் பின்பகுதியில் தடுமாறுவதற்கு இது ஒரு பொதுக் காரணம்.

ஆங்கிலத்தில் மிகைபுனைவுத் தொடர்களை வாசிப்பவர்களும் இதே முறைப்பாட்டைத்தான் வைக்கிறார்கள். ரொபேர்ட் ஜோர்டனின் 'காலச் சக்கரம்' தொடர் 1990 இல் தொடங்கியது. 2003 இல் வந்த பத்தாவது புத்தகத்தில் கதை நகரவே இல்லை என்று அவரது தீவிர வாசகர்களே சலித்தார்கள். 2007 இல் அவர் இறந்துபோக, பிரண்டன் சாண்டர்சன் என்ற மற்றொரு எழுத்தாளர் அவரது குறிப்புகளை வைத்து 2013 இல் பதினான்காவது புத்தகத்தோடு தொடரை முடித்து வைத்தார். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரில் முதல் மூன்று புத்தகங்கள் 1996 முதல் 2000 வரை வந்துவிட்டன. நான்காவது 2005 இல், ஐந்தாவது 2011 இல். ஆறாவதை இன்னும் காத்திருக்கிறார்கள்.

மார்ட்டினின் நான்காவது புத்தகம் இங்கே முக்கியம். தொடரிலேயே மெதுவானது என்று பலர் ஒதுக்குவது அதைத்தான். அதன் தலைப்பைத் தமிழில் 'காகங்களுக்கு ஒரு விருந்து' என்று சொல்லலாம். பெரிய சண்டைகள் அதற்கு முந்தைய புத்தகத்தில் முடிந்துவிட்டன. இந்தப் புத்தகத்தில் ஒரு பெண் வீராங்கனை, போர் தின்று போட்ட கிராமங்களினூடாக ஒரு காணாமல்போன சிறுமியைத் தேடி நடந்துகொண்டே இருக்கிறாள். எரிந்த சத்திரங்கள், கொள்ளையரான போர்வீரர்கள், பிணம் தொங்கும் மரங்கள். கதை நகரவில்லை என்று வாசகர்கள் சொன்ன இடம் போருக்குப் பின்னான இடம். இதை மனதில் வைத்துக்கொண்டு கல்கியிடம் திரும்புவோம்.

யார் பக்கம் நிற்பது?

பாத்திரங்களைப் பற்றிய சண்டையில் முதலிடம் நந்தினிக்கு. அவள் வில்லியா, பாதிக்கப்பட்டவளா? வீரபாண்டியனின் உயிருக்காகக் கெஞ்சியும், அவள் கண் முன்னே அவன் தலை வெட்டப்படுகிறது. அந்தக் காட்சியிலிருந்துதான் அவளுடைய பழி தொடங்குகிறது. வீரபாண்டியன் அவளுக்கு யார் என்பதைக் கதை பல விதமாகச் சொல்லிச் சொல்லி மறைக்கிறது. ஒரு தரப்பு அவளை மன்னிக்காது. மற்றத் தரப்பு கரிகாலனைத்தான் கேள்வி கேட்கும். காயம்பட்டுக் கிடந்தவனைக் கொன்றவன் வீரனா என்ற கேள்வி எங்கள் மண்ணில் வெறும் கதைக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

அடுத்த சண்டை, கதாநாயகன் யார் என்பது. தலைப்பு அருள்மொழிவர்மனுடையது, கதையைச் சுமப்பவன் வந்தியத்தேவன். இளவரசனிடம் குறையே இல்லை, அதனால் அவனை வணங்கலாம், நேசிக்க முடியாது என்பார்கள் சிலர். வந்தியத்தேவன் பொய் சொல்வான், பயப்படுவான், மாட்டிக்கொள்வான், மறுபடி எழுந்து வருவான். சோதனைச் சாவடிகளைக் கடந்து பழகியவர்களுக்கு இரண்டாமவனை இலகுவில் அடையாளம் தெரியும். கையில் ஓர் ஓலையை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு கதை சொல்லித் தப்பிப் போகிறவன் அவன்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நிற்பவள் மந்தாகினி. கதையில் அவள் இந்தத் தீவோடு சேர்ந்தவள். காது கேட்காது, வாய் பேசாது. சோழ இளவரசன் ஒருவன் அவளை நேசித்தான், பிறகு அரண்மனை அவளை மறந்தது. தான் யார், தனக்கு என்ன நடந்தது என்பதை அவள் சுவர்களில் சித்திரமாக வரைந்து வைத்திருக்கிறாள். அருள்மொழிவர்மன் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் அவளுடைய கதையை அறிகிறான். கடைசியில் சுந்தர சோழரைக் கொல்ல வீசப்பட்ட ஆயுதத்தைத் தன்மீது வாங்கி இறக்கிறாள். தமிழ்நாட்டு வாசகர் நந்தினியைப் பற்றிப் பேசும் அளவுக்கு மந்தாகினியைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களில் பலருக்கு அவள்தான் ஞாபகத்தில் நிற்கிறாள். பிள்ளைகளைத் தொலைத்த, சொல்வதைக் கேட்க ஆளில்லாத, படங்களை மட்டும் கையில் வைத்திருக்கிற தாய்மாரை வீதியோரப் பந்தல்களில் பார்த்து வந்தவர்கள் அல்லவா நாங்கள்.

வேகமான பாகம் எங்கள் தீவில் நடக்கிறது

இனி, எல்லோருக்கும் பிடித்த இரண்டாம் பாகம். கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் கடல் கடந்து வருகிறான். மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம், தொண்டைமானாறு என்று எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் வரிசையாக வருகின்றன. யானை, காடு, கூத்து, கப்பல், புயல். கல்கி இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்துவிட்டு எழுதினார். அந்தப் பாகத்தின் வேகத்துக்கு ஈடில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாகத்தில் நடப்பது போர்க்காலம். அங்கே சோழப்படை இருக்கிறது. ஊர்ச் சனங்களுக்கு அந்தப் படையால் துன்பமில்லை. படைக்கு வேண்டிய உணவு சோழ நாட்டிலிருந்தே வரவேண்டும், இலங்கை மக்களிடமிருந்து எடுக்கக் கூடாது என்று அருள்மொழிவர்மன் பிடிவாதமாக நிற்கிறான். இடிந்த விகாரைகளைத் தன் வீரர்களைக் கொண்டே திருத்துகிறான். பிக்குகள் இலங்கைச் சிங்காதனத்தைக் கொடுக்க வர, வேண்டாம் என்கிறான். இப்படி ஒரு படைத்தலைவன் எங்காவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கவைக்கும் எழுத்து அது.

வரலாறு வேறு விதமாக இருந்தது. முடிசூடிய பிறகு அதே இராசராசனின் படை 993 அளவில் இலங்கை மீது படையெடுத்தது. அநுராதபுரம் அழிவுற்றது. சோழரின் ஆட்சி மையம் பொலனறுவைக்குப் போனது. 1017 இல் இராசேந்திரனின் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டான். சூளவம்சம் அந்தக் காலத்தை விகாரைகள் உடைக்கப்பட்டுத் தாதுக்களும் பொருட்களும் கொள்ளையிடப்பட்ட காலமாக எழுதி வைத்திருக்கிறது. அதே சோழர் மாதோட்டத்திலும் பொலனறுவையிலும் கோயில்களும் கட்டினார்கள். இரண்டும் நடந்தது.

கொம்பனித்தெரு போன்ற இடத்தில் இது புத்தகச் செய்தியாக மட்டும் இருக்காது. தமிழர், முஸ்லிம்கள், மலாயர், சிங்களவர் என்று ஒரே ஒழுங்கைக்குள் வாழ்ந்த பகுதி அது. புலிக்கொடி பறந்த காலத்தைத் தமிழ்ப் பிள்ளை பெருமையாக வாசிக்கும்போது, அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளை அதே காலத்தை அநுராதபுரம் எரிந்த காலமாகப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. கல்கிக்கு இது தெரியாமல் இருக்கவில்லை. நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் வாசித்தவர் அவர். படையெடுப்புக்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய, முடிசூடாத இளைஞனைத் தெரிந்தெடுத்து, யாருக்கும் நோகாத ஒரு போரை அவன் கையில் கொடுத்தார். அது நல்ல கனவு. கனவு வேகமாகத்தான் ஓடும்.

கொலைக்குப் பிறகு

ஐந்தாம் பாகத்தில் ஆதித்த கரிகாலன் இறப்பது நாற்பதாவது அத்தியாயத்தை ஒட்டி. அதன் பிறகும் ஐம்பது அத்தியாயங்கள் மிச்சம். வாசகர்கள் இழுவை என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஐம்பதைத்தான். அவற்றுக்குள் என்ன இருக்கிறது?

கடம்பூர் மாளிகை எரிகிறது, பிணம் கிடைக்கிறது, சாட்சி இல்லை. பக்கத்தில் நின்ற வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது, அவன் பாதாளச் சிறைக்குப் போகிறான். நண்பன் நண்பனைச் சந்தேகிக்கிறான். தகப்பனுக்கு மகன் எப்படிச் செத்தான் என்று தெரிய வேண்டும், சொல்ல ஆளில்லை. அவனைக் காப்பாற்ற மணிமேகலை கொலையைத் தானே செய்ததாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். உண்மை தெரிந்தவர்கள் செத்துப்போகிறார்கள் அல்லது ஓடி மறைகிறார்கள். நந்தினி காணாமல் போகிறாள். இதற்கிடையே அடுத்த முடி யாருக்கு என்ற பேரம் நடக்கிறது. படைகள் தஞ்சைக் கோட்டையைச் சுற்றி நிற்கின்றன. உள்நாட்டுச் சண்டை எந்த நேரமும் வெடிக்கலாம். கொலையாளியைக் கண்டுபிடிப்பதைவிடச் சண்டையைத் தவிர்ப்பது அவசரமாகிறது. அருள்மொழிவர்மன் முடியை விட்டுக்கொடுக்கிறான், நாடு பிளவுபடாமல் தப்புகிறது. கொலை பற்றிய கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கொண்டாட்டம் இல்லை. சித்தம் கலங்கிய மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுகிறாள்.

இதையெல்லாம் வேகமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். ஒரு கொலை நடக்க ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு வரும் விசாரணை, வதந்தி, பொய்ச்சாட்சி, சிறை, காத்திருப்பு எல்லாம் மெதுவானவை. கல்கியும் சில இடங்களில் தேவைக்கு மேல் நீட்டினார்தான். ஆள் மாறாட்டங்களும் ஒளிந்துநின்று கேட்பதும் அளவு கடந்துவிட்டன என்று சொல்பவர்களுக்கு மறுப்பில்லை. என்றாலும் அந்த நீளத்தின் அடியில் கிடப்பது, ஒரு கொலை ஒரு சமூகத்தை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கும் என்ற அறிவு.

திரைப்படத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இரண்டாவது படத்தில் மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியமும் இல்லை. கரிகாலனின் மரணத்துக்குப் பிறகு வரவேண்டிய நீண்ட விசாரணையின் இடத்தில் ஒரு பெரிய போர்க்களம் வருகிறது. சினிமாவுக்கு அது நியாயமான தெரிவாக இருக்கலாம். இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குள் ஐம்பது அத்தியாயங்களின் காத்திருப்பைக் காட்ட முடியாது. ஆனால் புத்தகத்தின் முடிவில் போர் தவிர்க்கப்படுகிறது. படத்தின் முடிவில் போர் நடக்கிறது. இந்த வித்தியாசம் சின்னதல்ல.

கல்லில் எழுதிய தீர்ப்பு

கரிகாலனைக் கொன்றது யார் என்பதற்குக் கல்கி தெளிவான பதில் தராததற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களுடைய சொத்துகளோடு உறவினர்களின் சொத்துகளையும் பறிமுதல் செய்த கதை அதில் இருக்கிறது. நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரி அதே பகுதியில்தான். வந்தியத்தேவனின் குதிரை நடந்த கரையிலிருந்து அந்தக் கல் வெகுதூரமில்லை.

கொலை நடந்தது 970 ஐ ஒட்டி. இராசராசன் முடிசூடியது 985 இல். இடையில் உத்தம சோழனின் ஆட்சி. தண்டனை பற்றிப் பேசும் கல்வெட்டு, கொலை நடந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பிந்தியது. இந்த இடைவெளியை வைத்துத்தான் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மீது சந்தேகம் எழுப்பினார். பண்டாரத்தார் முதலியோர் அதை ஏற்கவில்லை. அறிஞர்கள் நடுவே அந்த வாதம் இன்றும் முடியவில்லை. பெயர்கள் தெரியும், தூண்டியது யார் என்று தெரியாது. செய்தவர்களுடைய மாமன் மைத்துனர்வரை நிலத்தை இழந்தார்கள். ஏவிய கை எதுவென்று கல் சொல்லவில்லை.

ஆட்சி மாறும்வரை விசாரணை காத்திருப்பதும், விசாரணை வந்த பிறகும் கீழே நின்றவர்களோடு அது நின்றுவிடுவதும் பத்தாம் நூற்றாண்டோடு போன சங்கதிகள் அல்ல. இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் நடந்து திரிந்த மாதோட்டம் இன்றைய மாந்தை, திருக்கேதீஸ்வரப் பகுதி. அங்கே 2013 டிசெம்பரில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பதில் கிடைக்காமலே அதில் இருந்த தாய் தகப்பன்மார் பலர் இறந்துவிட்டார்கள்.

முடிவு கேட்பவர்கள்

தொடர் முடிந்ததும் வாசகர்கள் கல்கியிடம் கேட்டது, அவர் பிறகு என்ன ஆனார், இவர் பிறகு என்ன ஆனார் என்பதுதான். வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா? நந்தினி எங்கே போனாள்? சதிகாரர்கள் பிடிபட்டார்களா? கல்கி முடிவுரையில் தனக்குத் தெரிந்ததை வரலாற்றிலிருந்து எடுத்துச் சொன்னார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் குந்தவையை வந்தியத்தேவரின் தேவி என்று குறிப்பதால் அந்தத் திருமணத்துக்குச் சான்று உண்டு. கொலையாளிகளுக்கு உடையார்குடிக் கல் உண்டு. கற்பனைக் கதையை எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம், வரலாற்றைத் தழுவிய கதைக்கு அந்த வசதியில்லை என்பது அவருடைய பதிலின் சாரம். அதே 1954 டிசெம்பர் 5 இல் அவர் காலமானார். வாசகர்களின் ஆவல் அடங்கவில்லை. விக்கிரமன் 'அமுதசுரபி'யில் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதிக் கதையைத் தொடர்ந்தார். வேறு சிலரும் தொடர்ந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வேண்டும் என்று வாசகர் கேட்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க முடியாது. ஒருவர் என்ன ஆனார் என்று தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது தெரிந்தவர்கள்தான் அதைக் கேட்கிறார்கள். இறந்துவிட்டார் என்ற செய்திகூட ஒரு வகை ஆறுதல் என்று சொல்லக் கேட்டவர்கள் நாங்கள். கதையில் நந்தினி மறைந்துபோகும் இடத்தில் ஒரு வாசகர் கோபப்பட்டால், அந்தக் கோபம் கல்கியோடு மட்டும் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் பாகத்தை எல்லோரும் நேசிக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை. பாத்திரங்களைப் பற்றிச் சண்டை பிடிப்பதும், நீளத்தைப் பற்றி முறையிடுவதும் வாசகரின் உரிமை. அந்தச் சண்டைகள் இருக்கும்வரைதான் ஒரு கதை உயிரோடு இருக்கும். நூலகமும் வீடும் திரையரங்கும் எரிந்த பிறகும், வெள்ளவத்தையிலோ கொம்பனித்தெருவிலோ இரண்டு பேர் நந்தினிக்காகக் குரலை உயர்த்திக் கதைக்கிறார்கள் என்றால், எரித்தவர்களால் முடியாமல்போன ஒரு காரியம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

பாதியில் மூடிவைத்தவர்கள் நாற்பதாவது அத்தியாயத்திலிருந்து ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்க்கலாம். கொன்றது யார் என்பதை விட்டுவிட்டு, கொலைக்குப் பிறகு யார் யாரெல்லாம் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாசித்தால், அந்தப் பாகம் வேறொரு கதையாகத் தெரியும். மகனைப் பறிகொடுத்த சுந்தர சோழர், செய்யாத கொலைக்காகச் சிறையில் கிடக்கும் வந்தியத்தேவன், தம்பிக்கும் நாட்டுக்கும் இடையே நிற்கும் குந்தவை, எவருக்கும் தெரியாமல் மனம் உடையும் மணிமேகலை. அவர்களுக்கு அவ்வளவு நேரமும் தேவைப்பட்டது.